ஆலோசனை இலவசம், பென்ஷன் அம்பேல்!

ரொம்ப நாளாக எழுத நினைத்து, தள்ளிப் போட்டுக்கொண்டே வந்த விஷயம் இது. கொஞ்சம் நீளமாகப் போகும், டீயோ காபியோ எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். படித்துவிட்டுச் சில பேருக்குக் கோபம் வரும். குறிப்பாக, வெளியூர்த் தமிழ்க் குடும்பங்களுக்குள் "நிதி ஆலோசகர்" என்று அட்டை அடித்துக்கொண்டு வளைய வருகிற அண்ணன்மார்களுக்கு. வரட்டும்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிழைப்புக்காகப் புனே, மும்பை, பெங்களூர், குர்காவ்ன் என்று வந்து சேர்ந்த நம்மவர்களின் கடைசிக்காலக் காசை மூன்று பேர் சேர்ந்து அரிக்கிறார்கள். ஒருத்தர், சம்பளம் கொடுக்கிற கம்பெனி. இன்னொருத்தர், அந்தக் காசைக் காபந்து பண்ண வேண்டிய அரசாங்க அமைப்பு. மூன்றாமவர், இந்த இரண்டு பேரும் வாயைத் திறக்காத இடத்தில் புகுந்து இலவசமாக ஆலோசனை சொல்கிற புண்ணியவான். இந்த மூன்றாமவர் நம் வீட்டு சோபாவில் உட்கார்ந்து காபி குடிக்கிறார், நம் பிள்ளைக்கு மாமா முறை ஆகிறார். அதனால் அவர்மேல் மட்டும் நமக்குச் சந்தேகமே வருவதில்லை.

நான் புனேயில், சாகன் பக்கம் ஒரு வண்டி உதிரிபாகக் கம்பெனியில் சம்பளப் பட்டியல் போடுகிற ஆள். பதினெட்டு வருடமாக அதே வேலை. பி.எஃப். படிவங்களோடுதான் குடித்தனம். அதனால் இது செய்தித்தாள் படித்துவிட்டு எழுதுகிற ஆவேசம் இல்லை, தினமும் என் மேஜைக்கு வருகிற கதை.

கையில் ஏற்கெனவே என்ன இருக்கிறது?

சம்பளச் சீட்டை எடுங்கள். பேஸிக்கும் டி.ஏ.வும் சேர்த்த தொகையில் 12 சதவீதம் உங்களிடம் பிடிக்கிறார்கள். கம்பெனி இன்னொரு 12 சதவீதம் போடுகிறது. கம்பெனி போடுவது முழுசாக உங்கள் பி.எஃப். கணக்குக்குப் போவதில்லை. அதில் 8.33 சதவீதம் 1995ல் வந்த பென்ஷன் திட்டத்துக்குப் போகிறது. அதற்கு ஒரு உச்சவரம்பு உண்டு. 2014 செப்டம்பரில் வைத்த 15,000 ரூபாய் வரம்பின்படி மாதம் 1,250 ரூபாய். அரசாங்கமும் தன் பங்குக்கு அந்த வரம்புக்குள் 1.16 சதவீதம் போடுகிறது.

பி.எஃப். பகுதிக்கு 2023-24லும் 2024-25லும் 8.25 சதவீத வட்டி அறிவித்தார்கள். ரிஸ்க் இல்லாமல், வரி பெரிதாகக் கடிக்காமல், இந்த வட்டியை வேறு எவனும் தரமாட்டான்.

பென்ஷன் பகுதிதான் கொஞ்சம் நோஞ்சான். கணக்கு சுலபம். பென்ஷன் சம்பளத்தை சர்வீஸ் வருடத்தால் பெருக்கி 70ஆல் வகுக்க வேண்டும். 15,000 ரூபாய் வரம்பில் 35 வருட சர்வீஸ் என்று வைத்துக்கொண்டாலும் 7,500 ரூபாய்தான். விலைவாசி ஏறினாலும் அது ஏறாது, ஏனென்றால் அகவிலைப்படி கிடையாது. குறைந்தபட்ச பென்ஷன் 2014ல் 1,000 ரூபாய் ஆனது, 2025 முடிகிறவரை ஒரு பைசா ஏறவில்லை. இதே நாட்டில் மத்திய அரசு ஊழியருக்கு 2025 ஏப்ரல் முதல் வந்த ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தில், பத்து வருட சர்வீஸ் இருந்தால் குறைந்தபட்சம் 10,000 ரூபாய். அவர்கள் வாங்குவது எனக்கு வயிற்றெரிச்சல் இல்லை, வாங்கட்டும். லேத்தில் நிற்கிறவன் வயிறு மட்டும் எப்படிப் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியது என்பதுதான் என் கேள்வி.

இவை தவிர, பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. வேலையில் இருக்கும்போதே ஒருவர் இறந்துபோனால் குடும்பத்துக்கு இ.டி.எல்.ஐ. என்கிற இன்சூரன்ஸ் வரும். 2021 ஏப்ரலில் வந்த அறிவிப்புப்படி அதிகபட்சம் 7 லட்சம். இதற்கான பணத்தைக் கம்பெனிதான் கட்டுகிறது. உங்கள் சம்பளத்தில் ஒரு காசு பிடிப்பதில்லை. அதோடு மனைவிக்கு விதவை பென்ஷன், இரண்டு பிள்ளைகளுக்கு 25 வயதுவரை பிள்ளைகள் பென்ஷன். பென்ஷன் திட்டத்தில் ஒரே ஒரு மாதம் பணம் கட்டியிருந்தாலும் போதும். பத்து வருடம் எல்லாம் வேண்டியதில்லை.

உங்கள் வீட்டம்மாவுக்கு இது தெரியுமா? இன்று ராத்திரி கேட்டுப் பாருங்கள்.

ஒரு குடும்பத்தின் கதை

சில வருடங்களுக்கு முன் எங்கள் ஏரியாவில் இருந்த தென்காசிப் பக்கத்துக் குடும்பம். அவர் சி.என்.சி. மெஷின் ஆபரேட்டர். நாற்பது வயதுகூட ஆகவில்லை, நெஞ்சுவலியில் போய்விட்டார். மனைவி இரண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். தமிழ் மக்களெல்லாம் சேர்ந்து வசூல் பண்ணி ரயில் ஏற்றிவிட்டோம். அதோடு நம் கடமை முடிந்தது என்றும் நினைத்துக்கொண்டோம்.

அவரிடம் ஒரு பாலிசி இருந்தது. நம்மூர் ஏஜெண்ட் ஒருவர் போட்டுக் கொடுத்தது. இரண்டு வருடம் கட்டிவிட்டு, முடியாமல் விட்டுவிட்டார். அது காலாவதி. அந்த அம்மா ஏஜெண்டுக்குப் போன் போட்டதற்கு, "ஒண்ணும் வராதும்மா, லேப்ஸ் ஆயிடுச்சு" என்று பதில். ஒன்றரை வருடம் கழித்து வேறொரு கல்யாண வீட்டில் அந்த அம்மாவின் தம்பியைப் பார்த்தபோது, பேச்சுவாக்கில் "பி.எஃப். பணம், பென்ஷன் எல்லாம் வந்துதா தம்பி?" என்று கேட்டேன். "அதெல்லாம் ரிட்டயர் ஆனவங்களுக்குத்தானே சார்?" என்றார்.

படிவம் 20, படிவம் 5-ஐ.எஃப்., படிவம் 10-டி. மூன்றில் ஒன்றுகூடப் போடவில்லை. பி.எஃப். நாமினியாகக் கல்யாணத்துக்கு முன்னால் அம்மா பெயரைப் போட்டிருந்தார், கல்யாணம் ஆனதும் அந்த நாமினேஷன் செல்லாது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. ஆதாரில் ஒரு பெயர், பி.எஃப்.பில் ஒரு பெயர். அதைச் சரிசெய்யவே மாதங்கள் ஓடின. கடைசியில் எல்லாம் வந்தது. பெரிய பணக்காரர் ஆக்கிவிடாது, ஆனால் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை விடாமல் இருக்கப் போதும்.

அந்த ஏஜெண்ட் அண்ணனைக் கவனியுங்கள். காரியத்துக்கு வந்தார், மாலை போட்டார், வசூலுக்கு ஆயிரம் ரூபாயும் கொடுத்தார். கெட்டவர் இல்லை. ஆனால் "குடும்பத்துக்குச் சேர வேண்டிய பி.எஃப்., இ.டி.எல்.ஐ., பென்ஷன் எல்லாம் இருக்கிறது, போய்க் கேளுங்கள்" என்று அவர் வாயில் வரவில்லை. ஏன்? அதில் அவருக்குக் கமிஷன் கிடையாது. அதனால் அதை அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவும் இல்லை.

கம்பெனி செய்கிற வேலை

"இருபது லட்சம் சி.டி.சி." என்று ஆஃபர் லெட்டரில் எழுதியிருக்கும். கம்பெனி தரவேண்டிய 12 சதவீதமும் அதற்குள்ளேதான் ஒளிந்திருக்கும். அதாவது, அவர்கள் பங்கையும் உங்கள் பாக்கெட்டிலிருந்தே கொடுக்கிறார்கள். அது போதாதென்று பேஸிக்கைக் குட்டையாக வைத்துவிட்டு, மிச்சத்தை ஸ்பெஷல் அலவன்ஸ் என்று நீட்டுவார்கள். பல இடங்களில் 15,000 ரூபாய்க்கு 12 சதவீதம் என்று மாதம் 1,800 ரூபாயோடு பி.எஃப். நின்றுவிடும். சட்டப்படி குற்றமில்லை. லட்ச ரூபாய் சம்பளக்காரர் 1,800 ரூபாய் பி.எஃப்.பை நம்பி அறுபது வயதைப் பார்த்துக் காத்திருக்கிறார், அவ்வளவுதான்.

2025 நவம்பர் 21ல் நடைமுறைக்குக் கொண்டுவந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில், அலவன்ஸ்கள் மொத்தத்தில் பாதிக்கு மேல் போகக்கூடாது என்று வைத்தார்கள். நல்ல காரியம். ஆனால் 15,000 வரம்போடு நிற்கிற கம்பெனிக்கு அந்தக் கணக்கில் பி.எஃப். ஏறவேண்டிய கட்டாயம் இல்லை. வரம்பு அப்படியே கிடந்தால் பேஸிக் எவ்வளவு ஏறினால் என்ன?

அடுத்தது பெயர் விவகாரம். இது நம்மவர்களுக்கென்றே வாய்த்த தலைவலி. நம் ஊரில் இனிஷியல்தான். இங்கே மகாராஷ்டிரத்தில் பெயர், அப்பா பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று கட்டம். சு. முருகேசன் என்கிறவர் ஒரு கம்பெனியில் முருகேசன் சுப்பையா, அடுத்த கம்பெனியில் சுப்பையா முருகேசன், ஆதாரில் முருகேசன் சு. கல்யாணமான பெண்களுக்கு அப்பா இனிஷியல், புருஷன் இனிஷியல் என்று இன்னொரு சுற்று. பணம் எடுக்கிற நாளில் மூன்றும் மூன்று ஆள். விண்ணப்பம் திரும்பி வரும். பழைய கம்பெனி மூடியிருந்தால் கையெழுத்துக்கு எங்கே போவது?

இதில் ஈ.பி.எஃப்.ஓ.வுக்கு ஒரு நன்றி சொல்லியாக வேண்டும். 2025 ஜனவரியில், 2017 அக்டோபருக்குப் பிறகு ஆதாரோடு இணைத்து வாங்கிய யூ.ஏ.என். எண்களுக்குப் பெயர், பிறந்த தேதியை நாமே இணையத்தில் திருத்திக்கொள்ள வழி செய்தார்கள். அதே மாதத்தில் மையப்படுத்தப்பட்ட பென்ஷன் பட்டுவாடாவும் வந்தது. புனேயில் பென்ஷன் வாங்க ஆரம்பித்தவர் அம்பாசமுத்திரத்துக்குப் போய் செட்டில் ஆனாலும் ஃபைலை ஆபீஸ் ஆபீஸாக மாற்ற வேண்டியதில்லை, எந்த வங்கிக் கிளையிலும் வாங்கலாம். நம்மைப் போன்ற ஊர்விட்டு ஊர் வந்தவர்களுக்கு இது பெரிய வரம். திட்டுகிற வாயால் பாராட்டவும் வேண்டும்.

ஆனால் இதெல்லாம் எந்தக் கம்பெனி நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறது? யோகா தினத்துக்கு மெயில் அனுப்புகிற ஹெச்.ஆர்., நாமினியைச் சரிபார் என்று ஒரு மெயில் அனுப்பி நீங்கள் பார்த்ததுண்டா?

ஆடுகிறவரும் அவரே, அம்பயரும் அவரே

பங்குச்சந்தைக்கு செபி. இன்சூரன்சுக்கு ஐ.ஆர்.டி.ஏ. வங்கிக்கு ரிசர்வ் வங்கி. என்.பி.எஸ்.ஸுக்கு பி.எஃப்.ஆர்.டி.ஏ. கோடிக்கணக்கான தொழிலாளிகளின் பி.எஃப்.புக்கு? ஈ.பி.எஃப்.ஓ.வுக்கு ஈ.பி.எஃப்.ஓ.தான். பணத்தை வசூலிப்பது, முதலீடு செய்வது, பென்ஷன் கொடுப்பது, கம்பெனிகளைச் சோதனை போடுவது எல்லாம் அவர்களே. மேலே அறங்காவலர் குழு, அதற்குத் தலைவர் தொழிலாளர் அமைச்சர். 2013ல் பென்ஷன் ஒழுங்குமுறை ஆணையத்துக்குச் சட்டம் போட்டபோது பி.எஃப்.பை அதன் எல்லைக்கு வெளியே வைத்துவிட்டார்கள். வங்கி மேல் புகார் என்றால் ஒம்பட்ஸ்மேன் இருக்கிறார். இன்சூரன்சுக்கு இருக்கிறார், என்.பி.எஸ்.ஸுக்கும் இருக்கிறார். பி.எஃப்.பில் புகார் என்றால் அவர்கள் தளத்திலேயே போட வேண்டும், அவர்களே விசாரிப்பார்கள். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம்தான். ஷிப்ட் பார்க்கிறவர் எத்தனை வாய்தாவுக்கு லீவ் போடுவார்?

வெளியே கேட்க ஆளில்லை என்றால் என்ன நடக்கும்? 2016 பிப்ரவரியில் ஒரு அறிவிப்பு. கம்பெனி பங்கை 58 வயதுவரை எடுக்க முடியாது என்றார்கள். யாரிடமும் கலந்து பேசவில்லை. ஏப்ரல் 18, 19 தேதிகளில் பெங்களூர் ஓசூர் ரோட்டில் தையல் ஆலைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் இறங்கினார்கள். வேலை போனால் அந்தக் காசுதான் அவர்களுக்கு வாடகையும் அரிசியும். இரண்டாம் நாளே அறிவிப்பைத் திரும்பப் பெற்றார்கள். கடைசிக்காலத்துக்குப் பணம் தங்க வேண்டும் என்கிற எண்ணம் தப்பு என்று நான் சொல்லமாட்டேன். யாருடைய காசோ அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பூட்டுப் போட்டதுதான் தப்பு.

2025 அக்டோபரில் மறுபடியும் விதிகளை மாற்றினார்கள். வேலை போனால் முக்கால்வாசியை உடனே எடுக்கலாம், கால்வாசி கணக்கில் இருக்க வேண்டும், முழுசாக எடுக்க 12 மாதம், பென்ஷன் பணத்தை எடுக்க 36 மாதம் என்று முடிவெடுத்தார்கள். உள்ளே நியாயமும் இருக்கிறது. ஆனால் சாதாரணத் தொழிலாளிக்குப் புரிகிற மொழியில் யார் வந்து சொன்னார்கள்? வாட்ஸப்பில் "உங்கள் பி.எஃப். பறிபோகிறது, உடனே எடுங்கள்" என்று ஃபார்வர்ட் சுற்றியது. அந்த வாரமே, எடுத்த பணத்தை எங்கே போடலாம் என்று சொல்ல ஆலோசகர்கள் தயார்.

கூடுதல் பென்ஷன் கதையையும் மறந்துவிட வேண்டாம். 2022 நவம்பர் 4ல் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, முழுச் சம்பளத்துக்கும் பென்ஷன் கேட்க ஒரு வாய்ப்பு வந்தது. கெடு தள்ளித் தள்ளி 2023 ஜூலை 11ல் முடிந்தது. பதினேழு லட்சத்துக்கு மேல் விண்ணப்பங்கள். வாழ்நாள் முடிவு அது. கையிலிருக்கிற பி.எஃப். பணத்தைக் கொடுத்து மாத பென்ஷன் வாங்கலாமா வேண்டாமா என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக முடிவெடுக்க வேண்டும். அந்த எட்டு மாதத்தில் என் மேஜைக்கு வந்த எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "சார், நான் போடலாமா, வேண்டாமா?" நேர்மையாகப் பதில் சொல்ல, காசு எதிர்பார்க்காத ஒரு ஆள் இந்த அமைப்பில் எங்குமே இல்லை.

சோபாவில் உட்கார்ந்திருக்கிற மூன்றாமவர்

இந்த வெற்றிடத்தில்தான் அண்ணன் வருகிறார். தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் ஸ்டால் போடுவார். ஐயப்ப பூஜைக்கு முன்வரிசையில் நிற்பார். பாஷை தெரியாத ஊரில் "நீங்க எந்த ஊரு?" என்று தமிழில் ஒருவர் கேட்டால் நமக்குப் பாதி மனது இளகிவிடும். மீதிப் பாதியை மார்ச் மாத வரிக்கணக்கு பார்த்துக்கொள்ளும்.

"அண்ணே, பி.எஃப்.பெல்லாம் கவர்மெண்ட் காசுண்ணே, எப்ப வரும்னு சொல்ல முடியாது. வேலை மாறும்போது எடுத்துருங்க. நம்மகிட்ட ஒரு பென்ஷன் பிளான் இருக்கு, இன்சூரன்சும் ஆச்சு, சேமிப்பும் ஆச்சு." இதுதான் வசனம்.

கணக்குப் போடுவோம். வருடம் 50,000 வீதம் இருபது வருடம் கட்டுகிறீர்கள். இந்த மாதிரி சேமிப்பு பாலிசிகளில் 5, 6 சதவீதத்துக்கு மேல் தேறுவது அபூர்வம். ஐந்தரை என்று வைத்தால் கடைசியில் சுமார் 18.4 லட்சம். அதே 50,000 ரூபாயை விருப்ப பி.எஃப்.பாகப் போட்டு எட்டு சதவீதம் கிடைத்தால் சுமார் 24.7 லட்சம். ஆறு லட்சத்துக்கு மேல் வித்தியாசம். விருப்ப பி.எஃப்.புக்குச் செய்ய வேண்டியது, என்னைப் போன்ற பட்டியல் குமாஸ்தாவிடம் ஒரு கடிதம் கொடுப்பதுதான். அதை யாராவது உங்கள் வீட்டுக்கு வந்து விற்றார்களா? விற்கமாட்டார்கள். கமிஷன் பூஜ்யம்.

அந்த பாலிசியில்? 2023 மார்ச் வரை இருந்த விதிப்படி, நீண்டகால பாலிசிகளுக்கு முதல் வருடப் பிரீமியத்தில் 35 சதவீதம் வரை கமிஷன் கொடுக்கலாம். 50,000 ரூபாய்க்கு 17,500 ரூபாய் வரை. 2023 ஏப்ரலில் பாலிசிவாரியான இந்த உச்சவரம்பையும் எடுத்துவிட்டு, கம்பெனியின் மொத்தச் செலவுக்கு மட்டும் ஒரு வரம்பு வைத்தார்கள். "இலவச ஆலோசனை"க்கு நீங்கள் கொடுத்த ஃபீஸ் இது. ரசீதுதான் இல்லை.

இதைச் சரிசெய்ய வழி தெரியாமல் இல்லை. 2009 ஆகஸ்டில் செபி மியூச்சுவல் ஃபண்டுகளின் நுழைவுக் கட்டணத்தை ஒழித்தது. உடனே விற்பனைப் படை யூலிப் பக்கம் ஓடியது. 2010ல் யூலிப் யாருக்குச் சொந்தம் என்று செபியும் ஐ.ஆர்.டி.ஏ.வும் சண்டை போட்டு, அவசரச் சட்டம் போட்டுத் தீர்த்தார்கள். அதே செப்டம்பரில் யூலிப் கட்டணங்களுக்குக் கடிவாளம் வந்தது. படை அங்கிருந்து எண்டோவ்மெண்ட் பாலிசிக்கு ஓடியது. ஒரு பொந்தை அடைத்தால் எலி அடுத்த பொந்தில். அப்போது பி.எஃப்.ஆர்.டி.ஏ. தலைவராக இருந்த டி. ஸ்வரூப் தலைமையிலான குழு 2009லேயே சொன்னது: 2011 ஏப்ரலுக்குள் எல்லா நிதித் திட்டங்களிலும் கமிஷனை ஒழித்துவிட்டு, ஆலோசனைக்கு வாடிக்கையாளரே நேராக ஃபீஸ் கொடுக்கட்டும் என்று. அந்த அறிக்கை எங்கே தூசி வாங்கிக்கொண்டிருக்கிறதோ! பிரிட்டனில் 2012 இறுதியோடு முதலீட்டு ஆலோசனைக்குக் கமிஷன் வாங்குவதை நிறுத்தியே விட்டார்கள்.

2013ல் செபி, ஃபீஸ் மட்டும் வாங்குகிற பதிவு பெற்ற ஆலோசகர்களுக்கு விதி கொண்டுவந்தது. நல்ல விதி. ஆனால் இத்தனை பெரிய நாட்டுக்கு அப்படிப்பட்டவர்கள் ஆயிரத்தைச் சுற்றித்தான். எல்.ஐ.சி. ஒன்றிடம் மட்டும் 2025 மார்ச்சில் 14 லட்சத்துக்கு மேல் ஏஜெண்டுகள். யார் குரல் உங்கள் வீடுவரை கேட்கும்?

வங்கிகளைக் கேட்கவே வேண்டாம். லாக்கர் கேட்டால் பாலிசி, வீட்டுக்கடன் கேட்டால் பாலிசி. 2024ல் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமனே வங்கிகள் இன்சூரன்ஸைத் தவறாகத் தலையில் கட்டுவதைக் கண்டித்துப் பேசினார்.

"ஆனா ஒண்ணு சார்..."

இதைப் பேசினால் வருகிற பதில்கள் எனக்கு மனப்பாடம்.

"ஏஜெண்ட் துரத்தலேன்னா நம்மாளு சேமிக்கவே மாட்டான் சார்." பாதி உண்மை. ஆனால் பி.எஃப். யாரும் துரத்தாமலே சம்பளத்தில் பிடிக்கப்படுகிறது. துரத்திச் சேமிக்க வைத்த பாலிசிகளில் எத்தனை இரண்டு, மூன்று வருடத்தில் நின்றுபோகின்றன என்பது ஏஜெண்டுக்கே தெரியும். நின்றுபோனாலும் முதல் வருடக் கமிஷன் அவருக்கு வந்தாச்சு. 2024 அக்டோபரிலிருந்து புதிய பாலிசிகளில் ஒரு வருடம் கட்டி விட்டாலும் ஏதோ கொஞ்சம் திரும்பக் கிடைக்க விதி வந்திருக்கிறது. அதற்கு முன் போனது போனதுதான்.

"ஏழை ஏஜெண்ட் பொழப்புல மண் போடறீங்களே?" அவர் பிழைப்பு முக்கியம்தான். அதற்காக ஆபரேட்டரின் பென்ஷன் கரைய வேண்டுமா? உழைத்ததற்கு ஃபீஸ் வாங்கட்டும். படிவம் 13 நிரப்பிக் கொடுத்து, நாமினேஷன் சரிசெய்து, டேர்ம் இன்சூரன்ஸ் எடுத்துக்கொடுத்து, "என் கூலி ஆயிரம்" என்று கேட்கட்டும். நான் சந்தோஷமாகக் கொடுப்பேன்.

"ஃபீஸ் குடுத்து யாரு சார் கேப்பா?" இதுதான் உண்மையான கேள்வி. பிரிட்டனிலும் கமிஷனை நிறுத்தியபின் சின்னச் சேமிப்பாளர்களுக்கு ஆலோசனை எட்டாமல் போயிற்று என்ற புகார் வந்தது. ஆனால் அங்கே 2015ல் பென்ஷன் வைஸ் என்று ஒரு இலவச அரசு வழிகாட்டல் சேவை ஆரம்பித்தார்கள். விற்பனை கிடையாது, விளக்கம் மட்டும். நம்மிடமும் விதை இருக்கிறது. 2023 ஜனவரியிலிருந்து ஈ.பி.எஃப்.ஓ. மாதம் 27ம் தேதி மாவட்டந்தோறும் முகாம் நடத்துகிறது. அதை வெறும் புகார்ப் பெட்டியாக வைக்காமல் வழிகாட்டும் மேஜையாக மாற்றலாம். புனேயில் தமிழிலும், திருப்பூரில் இந்தியிலும் ஒடியாவிலும் பேசட்டுமே. வடக்கே போன தமிழனுக்கு ஒரு நியாயம், நம் ஊருக்கு வந்த பீகாரிக்கு ஒரு நியாயமா? அவரையும் அவர் ஊர் அண்ணன் ஒருவர் இப்படித்தான் மொட்டை அடித்துக்கொண்டிருப்பார்.

நம் பங்கும் உண்டு

வெளியூர்க்காரன் மனசு எப்போதும் ஊரில்தான். வேலை மாறும்போதெல்லாம் பி.எஃப்.பைத் துடைத்து எடுத்து, பைபாஸ் பக்கம் ஒரு மனை. 28 வயதில் எடுக்கிற ஒன்றரை லட்சம், எட்டு சதவீதத்தில் 58 வயதுக்குச் சுமார் 15 லட்சம். இது எத்தனை பேருக்குத் தெரியும்? மூன்று கம்பெனியில் மூன்று, நான்கு, ஐந்து வருடம் என்று பன்னிரண்டு வருடம் உழைத்தவர், ஒவ்வொரு முறையும் 10-சி போட்டுப் பென்ஷன் பணத்தையும் எடுத்துவிட்டால் சர்வீஸ் பூஜ்யம். மாற்றி எடுத்துக்கொண்டு வந்திருந்தால் பத்து வருடம் தாண்டியிருக்கும், சாகும்வரை பென்ஷன் உண்டு. அதன்பின் மனைவிக்கும் உண்டு.

தமிழ்ச் சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. பட்டிமன்றம் வேண்டாம் என்று சொல்லவில்லை. வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பி.எஃப். முகாம் போடுங்கள். பேனரில் ஸ்பான்சர் பெயர் இல்லாமல் போடுங்கள்.

கேட்க வேண்டியவை

1. ஓய்வுக்காலத் திட்டம் என்று விற்கிற எதிலும் கமிஷன் கூடாது. உடனே முடியாது என்றால், விற்பவருக்கு எத்தனை ரூபாய் போகிறது என்பதை முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட வேண்டும்.

2. ஈ.பி.எஃப்.ஓ.வைக் கண்காணிக்க அதற்கு வெளியே ஒரு ஆணையம். தனி ஒம்பட்ஸ்மேன்.

3. சம்பள வரம்பும் குறைந்தபட்ச பென்ஷனும் வருடாவருடம் விலைவாசியோடு தானாக ஏற வேண்டும். ஒவ்வொரு முறையும் போராடி வாங்குகிற பிச்சையாக இருக்கக்கூடாது.

4. வருடத்துக்கு ஒரு தடவை கம்பெனி ஒவ்வொரு தொழிலாளிக்கும் அவர் மொழியில் ஒரு தாள் தர வேண்டும். பெயர் சரியா, நாமினி யார், பென்ஷன் சர்வீஸ் எத்தனை வருடம், இறந்தால் குடும்பத்துக்கு என்ன வரும். நான்கே வரி போதும்.

இதெல்லாம் நடக்கும்வரை சும்மா இருக்க முடியாது. இந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் பிரியாணிக்கு அப்புறம் தூங்குவதற்கு முன் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். பாஸ்புக்கைத் திறந்து, பழைய கம்பெனிக் கணக்கெல்லாம் ஒரே யூ.ஏ.என்.னில் வந்திருக்கிறதா பாருங்கள். ஆதாரும் பி.எஃப். பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா பாருங்கள். இ-நாமினேஷனில் மனைவி, பிள்ளைகள் பெயரைப் போடுங்கள். கடைசியாக, வீட்டம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து யூ.ஏ.என். எண்ணை ஒரு நோட்டில் எழுதிக் கொடுங்கள். நாளைக்கு அலைய வேண்டியது அவர்தான்.

அண்ணன் அடுத்த தடவை வீட்டுக்கு வந்தால் விரட்டாதீர்கள், நம்மூர்க்காரர். காபி கொடுங்கள். அவர் பையிலிருந்து வழவழா தாளை எடுத்து விரிக்கும்போது சிரித்துக்கொண்டே ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்:

"இதுல உங்களுக்கு எவ்வளவுண்ணே?"

பி.கு.: நான் பதிவு பெற்ற ஆலோசகன் இல்லை, சம்பளப் பட்டியல் போடுகிறவன். எதையும் விற்கவில்லை. விதிகள் அடிக்கடி மாறும், முடிவெடுக்கும் முன் அன்றைய விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். திட்ட நினைக்கும் ஏஜெண்ட் அண்ணன்மார்கள் தாராளமாகத் திட்டலாம், கமிஷன் எதுவும் பிடிக்கமாட்டேன் :-)